பசித்தவன் குண்டு வைத்தானா?

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று பெரிய ஓட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 260-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். குண்டைச் சுமந்து போனவர்களில் இரண்டு பேர் அண்ணன் தம்பி, அவர்களுடைய அப்பா வாசனைச் சரக்கு ஏற்றுமதியில் கோடி கோடியாகச் சம்பாதித்தவர். இன்னொருவர் இங்கிலாந்தில் படித்து, மேற்படிப்புக்கு ஆஸ்திரேலியா போய் வந்தவர். அதே வருடம் ஜூலையில்தான் உலக வங்கி இலங்கையை மேல்நடுத்தர வருமான நாடுகளின் பட்டியலில் ஏற்றியது, அதாவது நாடு காசு பார்த்த காலம் என்றே சொல்லலாம்.

மூன்று வருடம் தள்ளி 2022-க்கு வாருங்கள். பெட்ரோலுக்கு இரண்டு நாள் வரிசை, எரிவாயு இல்லை, மருந்து இல்லை, பரீட்சைத்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லை. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. உலக வங்கிக் கணக்குப்படி வறுமையில் இருந்தவர்கள் ஒரே வருடத்தில் 13 சதவீதத்திலிருந்து 25 சதவீதமானார்கள். வறுமை ஆளைப் பயங்கரவாதியாக்கும் என்றால் அந்த வருடம் தீவு முழுக்க வெடித்திருக்க வேண்டும். வெடிக்கவில்லை. சனங்கள் கொழும்பில் கடற்கரையோரத்து மைதானமான காலிமுகத்திடலில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். மே 9-ம் தேதி ஆளுங்கட்சி ஆட்கள் வந்து கூடாரங்களைப் பிய்த்து அடித்த பிறகுதான் எம்.பி.க்களின் வீடுகள் எரிந்தன, ஒரு எம்.பி. உட்படச் சிலர் இறந்தார்கள். ஜூலை 9-ம் தேதி ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த கூட்டம் என்ன செய்தது என்று உலகமே பார்த்தது: நீச்சல் குளத்தில் குளித்தது.

இந்த இரண்டு வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததிலிருந்து, 'வறுமைதான் எல்லாவற்றுக்கும் காரணம்' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கொஞ்சம் பொறுமை போய்விடுகிறது. 'வறுமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் கொழுப்பு' என்று எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர்களிடமும் அதே அளவு போய்விடுகிறது.

முதல் சிக்கல் கேள்வியிலேயே இருக்கிறது. அரிசி மூட்டை தூக்குவது, குடிபோதையில் கத்தியால் குத்துவது, தேவாலயத்தில் குண்டு வைப்பது மூன்றையும் 'குற்றம்' என்ற ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டிவிட்டு, இதற்கெல்லாம் காரணம் என்ன என்று கேட்டால் பதில் வராது. மூன்றும் வேறு வேறு வழியில் நடப்பவை.

திருட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விலை ஏறினால் கொள்ளை ஏறும். 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் தானியக் கொள்ளை பெருகியது, 1918-ல் அரிசி விலை எகிறியபோது சென்னையிலேயே கடைகள் சூறையாடப்பட்டன. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று நம் ஆட்கள் சொன்னது இதைத்தான்.

கொலை அப்படி இல்லை. 2022-ல் இந்தியாவில் பதிவான கொலைகள் 28,522. தென்னாப்பிரிக்காவில் 2022 ஏப்ரலிலிருந்து 2023 மார்ச் வரை பதிவானவை 27,494. கிட்டத்தட்ட ஒரே எண், ஆனால் இங்கே 140 கோடி சனம், அங்கே 6 கோடி. இத்தனைக்கும் தலைக்கு வருமானம் பார்த்தால் தென்னாப்பிரிக்கர் இந்தியரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பணக்காரர். இந்தியக் கணக்கில் விட்டுப்போனவை இருக்கும், சரி, அதைச் சேர்த்தாலும் இந்த இடைவெளி மூடாது. வறுமை கொலை செய்ய வைக்கும் என்றால் பீகாரும் நேபாளமும் பங்களாதேஷும் ரத்தக்காடாக இருக்க வேண்டுமே.

தென்னாப்பிரிக்காவில் இருப்பது ஏற்றத்தாழ்வு, அதுவும் உலகத்திலேயே மோசமான அளவில். நிறவெறிச் சட்டங்கள் மனிதர்களை நிறம் பார்த்துப் பிரித்து ஊருக்கு வெளியே தள்ளின. அந்தச் சட்டங்கள் போய் முப்பது வருடம் ஆகியும் ஊரின் வரைபடம் மாறவில்லை. கேப்டவுனில் மலைச்சரிவில் திராட்சைத் தோட்டத்தோடு மாளிகைகள், அரைமணி நேரம் காரில் போனால் தகரக் கொட்டகைகள் மைல்கணக்கில் நிற்கும் காயெலிட்ஷா. நாட்டில் போலீஸ்காரர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் தனியார் காவலாளிகள் இருக்கிறார்கள். காசு உள்ளவர் பாதுகாப்பைக் காசுக்கு வாங்கிக்கொள்கிறார், காசில்லாத பகுதிக்கு அரசாங்கமும் சரியாக வருவதில்லை, அங்கே யார் பெரிய ஆள் என்பதைத் துப்பாக்கி தீர்மானிக்கிறது. செத்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தகரக் கொட்டகைப் பக்கத்து ஆட்கள்தான். பணக்காரன் மேல் உள்ள கோபத்தில் ஏழை அவனைக் கொல்கிறான் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், ஏழை கொல்வது பெரும்பாலும் இன்னொரு ஏழையை. பல நாட்டுக் கணக்குகளை ஒப்பிட்டு உலக வங்கி ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வும், ஏற்றத்தாழ்வு கூடிய இடத்தில் கொலையும் வழிப்பறியும் கூடுகின்றன என்றே சொன்னது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் இந்த விவாதத்தில் 'சிறையில் போய்ப் பாருங்கள், எல்லாரும் ஏழைகள்தானே' என்ற வாதம் கட்டாயம் வரும். 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5.73 லட்சம் பேர். அதில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள், இன்னும் எந்த நீதிமன்றமும் இவர்கள் குற்றம் செய்தார்கள் என்று சொல்லவில்லை. ஜாமீன் கிடைத்தும் கட்டக் காசில்லாமலோ, ஆள்ஜாமீன் நிற்க ஆளில்லாமலோ உள்ளே கிடப்பவர்களும் இதில் அடக்கம். 7,000 கோடி ரூபாய்க் கணக்கில் புளுகியதாக 2009-ல் தானே கடிதம் எழுதிக்கொடுத்த சத்யம் நிறுவனத் தலைவரும் சிறைக்குப் போனார்தான், ஆனால் வெளியே வருவதற்கான வழக்கறிஞர் அவரிடம் இருந்தார். சிறையில் யார் இருக்கிறார்கள் என்பது யார் குற்றம் செய்கிறார்கள் என்பதற்குச் சரியான கண்ணாடி இல்லை. வெள்ளைக்காரன் ஒரு படி மேலே போய், 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று போட்டுப் பிறக்கும்போதே குற்றவாளி என்று சில சாதிகளைப் பதிவேட்டில் ஏற்றினான். சென்னை மாகாணத்துக்கு அது 1911-ல் வந்தது. கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்றதற்காக உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ம் தேதி 16 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஏழை என்றால் குற்றவாளி என்ற நினைப்புக்கு நம் ஊரில் இப்படி ஒரு சரித்திரம் உண்டு, அதனால் 'வறுமை குற்றத்தை வளர்க்கிறது' என்பதை அனுதாபத்தோடு சொல்பவர்களும் வார்த்தையைப் பார்த்துத்தான் விட வேண்டும்.

சரி, ஆயுதத்துக்கு வருவோம். யார் போராளி, யார் பயங்கரவாதி என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. யார் ஆயுதத்தைக் கையில் எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை என்பது மட்டும்தான் இங்கே எனக்கு வேண்டும். அதைப் பார்ப்பதற்கு இலங்கையைவிட நல்ல இடம் கிடைக்காது. ஐம்பது வருடத்துக்குள் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று மூன்று சமூகத்திலிருந்தும் மூன்று விதமாக ஆயுதம் கிளம்பியது, நான்காவதாக ஒரு சமூகம் இருந்தது, அதுதான் எல்லாரையும்விட ஏழை, அதிலிருந்து கிளம்பவில்லை.

1971 ஏப்ரல் 5-ம் தேதி ஜே.வி.பி. என்ற சிங்கள இடதுசாரி இயக்கத்தின் இளைஞர்கள் ஒரே நேரத்தில் நாடெங்கும் எழுபதுக்கும் மேற்பட்ட போலீஸ் நிலையங்களைத் தாக்கினார்கள். தலைவர் ரோகண விஜேவீர மாஸ்கோவில் லுமும்பா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கப் போனவர், தாக்குதல் நடந்தபோது யாழ்ப்பாணச் சிறையில் இருந்தார். பிடிபட்ட பத்தாயிரத்துச் சொச்சம் பேரின் விவரங்களை வைத்து மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர பின்னால் ஒரு ஆய்வு செய்தார். அதில் தெரிந்த முகம் நிலமில்லாத கூலிக்காரனின் முகம் இல்லை. இளவயசு, கிராமம், சிங்களவழிக் கல்வி, பள்ளிக்கூடம் முடித்தவன். 1945-லிருந்து இலவசக் கல்வி வந்து, விவசாயி வீட்டுப் பிள்ளையும் பெரிய வகுப்பு வரை படித்தான். 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது இனி நமக்குத்தான் உத்தியோகம் என்று அவனிடம் சொன்னார்கள். படித்து முடித்து வெளியே வந்தால் நல்ல உத்தியோகம் இன்னும் ஆங்கிலம் பேசுகிற கொழும்புப் பிள்ளைக்குத்தான் போனது. சிங்களப் பேச்சுவழக்கில் ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்று ஒரு பெயர் உண்டு, வாள் என்று அர்த்தம். அந்த வாளால் வெட்டுப்பட்டவனுக்குத்தான் அதன் அர்த்தம் முழுசாகப் புரியும்.

அதே வருடம் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, டட்லி சீயர்ஸ் என்ற பொருளியலாளரின் தலைமையில் ஒரு குழுவை அனுப்பி வேலையில்லாப் பிரச்சினையை ஆராயச் சொன்னது. அந்தக் குழு தன் அறிக்கையின் தலைப்பிலேயே வேலைவாய்ப்போடு 'எதிர்பார்ப்பு' என்ற சொல்லையும் போட்டது. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தின் மையம் அந்த ஒரு சொல்தான். வேலை இல்லாதது ஒரு கஷ்டம். வேலை உண்டு என்று சொல்லி, அதற்காகப் பதினாலு வருடம் படிக்க வைத்து, நிலத்தில் இறங்க வெட்கப்படும் ஆளாகவும் ஆக்கிவிட்டு, கடைசியில் கதவைச் சாத்துவது வேறு ஒரு கஷ்டம். இரண்டாவது கஷ்டத்தில் இருப்பவனுக்கு வாசிக்கத் தெரியும், துண்டுப்பிரசுரம் எழுதத் தெரியும், தனக்கு நடந்ததற்கு ஒரு பெயர் வைக்கவும் தெரியும்.

1987-89-ல் இரண்டாம் முறை ஜே.வி.பி. கிளம்பியபோது தெற்கில் வாய்க்கு வாய் ஓடிய கோஷம் 'கொழும்புக்குப் பால், நமக்குக் கெக்கிரிக்காய்'. பால் இல்லை என்பது மட்டும் அதில் குறை இல்லை, பால் எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டதுதான் குறை. 1989-ல் ஜனாதிபதி நியமித்த இளைஞர் ஆணைக்குழுவிடம் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொன்ன குறைகளில் ஒன்று எம்.பி.யின் துண்டு: அரசாங்க உத்தியோகத்துக்கு மார்க் எவ்வளவு என்பதைவிட, எந்த எம்.பி. கையெழுத்துப் போட்ட துண்டுச்சீட்டு கையில் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

யாழ்ப்பாணத்துக் கதையும் கிட்டத்தட்ட இதே பாதையில்தான் தொடங்குகிறது. பல்கலைக்கழக அனுமதிக்கு மொழி பார்த்து வேறு வேறு புள்ளி வைத்த தரப்படுத்தல் வந்த 1971-ல் மருத்துவ பீடத்துக்குப் போகச் சிங்கள மாணவருக்கு 400-க்கு 229 புள்ளி போதும், தமிழ் மாணவருக்கு 250 வேண்டும். 21 புள்ளி. விவசாயி வீட்டில் நெல்லை விற்றுப் பிள்ளையைப் படிக்கவைத்து, வீட்டில் ஒரு டாக்டர் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்த ஊரில் அந்த 21 புள்ளி என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நாட்களில் முதலில் கிளம்பிய அமைப்பின் பெயரே தமிழ் மாணவர் பேரவை. அப்புறம் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. வன்னி, மன்னார், மட்டக்களப்பு போன்ற பின்தங்கிய தமிழ் மாவட்டங்களுக்கு அதில் கொஞ்சம் நன்மையே கிடைத்தது, இழந்தது யாழ்ப்பாணம். முதல் கோபம் வந்ததும் யாழ்ப்பாணத்திலிருந்துதான். ஒன்றுமே இல்லாத ஏழையிடமிருந்து கோபம் வரவில்லை, கையில் வைத்திருந்ததைப் பறிகொடுத்தவனிடமிருந்து வந்தது.

ஆனால் படிப்பும் உத்தியோகமும் மட்டுமே காரணம் என்று நான் சொன்னால் யாழ்ப்பாணத்தில் யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் சொல்வதுதான் சரி. எழுபதுகளில் தமிழ் ஆயுத இயக்கங்களில் இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய தொகை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களை வீடு வீடாகத் தேடி அடித்து எரித்த பிறகு ஆயிரக்கணக்கில் போனார்கள். அந்த மாதத்தில் எவருடைய வறுமையும் கூடியதால் அவர்கள் போகவில்லை. தன்னைக் காப்பாற்ற வேண்டிய அரசாங்கம் வேடிக்கை பார்த்தது, அல்லது கூடவே நின்றது என்பதைக் கண்ணால் கண்டதால் போனார்கள்.

இனி அந்த நான்காவது சமூகம். இந்தியாவிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் வேலை செய்யும் மலையகத் தேயிலைத் தோட்டங்கள். 1948-ல் குடியுரிமையைப் பறித்தார்கள், அடுத்த வருடம் வாக்கும் போனது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். அந்த மனிதர்களிடம் யாரும் கேட்கவில்லை. எழுபதுகளின் நடுவில் ரேஷன் குறைந்தபோது தோட்டங்களில் பட்டினியால் செத்தார்கள். லயம் என்ற வரிசை வீட்டில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம், கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது பாதிநாள் கூலிதான் போடுவார்கள். வறுமையும் அநீதியும் சேர்ந்தால் ஆயுதம் என்று கணக்குப் போட்டால் முதல் குண்டு ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வெடித்திருக்க வேண்டும். பெரிய அளவில் ஓர் ஆயுத இயக்கம் அங்கே எழவில்லை.

ஏன்? இதற்குச் சுகமான பதில் கிடையாது. ஒரு பக்கம், அவர்களிடம் சங்கம் இருந்தது. 1940-ல் முல்லோயாவில் கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் சூட்டில் விழுந்த காலத்திலிருந்து தோட்டத்துக் கோபம் வேலைநிறுத்தமாக வெளியே வரப் பழகியிருந்தது. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் சங்கத்தின் சந்தா எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அரசாங்கத்தோடும் பேரம் பேசினார். அதில் எனக்கு விமர்சனம் நிறைய உண்டு, ஆனாலும் பேசுவதற்கு ஒரு வாசல் திறந்திருந்தது, குடியுரிமையும் 1988, 2003 சட்டங்கள் வரை இழுத்து இழுத்து வந்து சேர்ந்தது. மறுபக்கம், அவர்களுக்கு எழும்ப வழியே இல்லாமலும் இருந்தது. சுற்றிலும் சிங்களக் கிராமங்கள், நாடற்றவன் என்பதால் எந்த நேரமும் கப்பலேற்றிவிடலாம், இன்றைக்குக் கொழுந்து பறிக்காவிட்டால் நாளைக்கு அடுப்பு எரியாது. அடிமட்ட வறுமை ஆளைக் கலகக்காரனாக்குவதைவிடக் களைப்படைய வைப்பதுதான் அதிகம். இதில் இன்னொரு கொடுமை, 1971-க்கு முன் ஜே.வி.பி. தன் ஆட்களுக்கு எடுத்த ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. அதில் இந்தத் தோட்டத் தொழிலாளிகளே இந்தியாவின் நீட்டிய கையாகக் காட்டப்பட்டார்கள். ஏழைகளுக்காகப் புரட்சி செய்யக் கிளம்பியவர்களின் பாடத்தில் நாட்டின் பரம ஏழை எதிரியாக இருந்தான்.

அதே மலையக மக்களில் ஒரு பகுதியினர் 1977, 1983 கலவரங்களில் அடிவாங்கி வன்னிக்கு ஓடிவந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். அங்கே விடுதலைப் புலிகள் இயக்கம் இருந்தது. அவர்களின் பிள்ளைகள் நிறையப் பேர் அதில் சேர்ந்து, அல்லது சேர்க்கப்பட்டு, செத்தார்கள். இரத்தமும் வறுமையும் அதேதான், மாறியது இடம் மட்டும். வறுமை இங்கேதான் பின்வாசல் வழியாக உள்ளே வருகிறது. போராட்டத்தைத் தொடங்கியவர்கள் படித்தவர்கள். பிற்காலத்தில் வசதி உள்ள குடும்பங்கள் பிள்ளைகளைக் கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்பிவிட்டன, கப்பலுக்கும் ஏஜென்ட்டுக்கும் கொடுக்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளைதான் வீட்டுக்கொருவர் என்று கேட்டபோது கையில் கிடைத்தான்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதை இல்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு உலகத் தலைவர்கள் வறுமையைத் திட்ட ஆரம்பித்தார்கள், 2002-ல் மெக்சிகோவின் மான்ட்டெரே மாநாட்டில் புஷ்ஷும் அந்தத் தொனியில் பேசினார். விமானம் ஓட்டிய முகமது அட்டா ஹாம்பர்கில் நகரத் திட்டமிடல் படித்தவர், பின்லேடன் கட்டுமானக் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை, ஜவாஹிரி டாக்டர். பிரின்ஸ்டன் பொருளியலாளர் ஆலன் க்ரூகரும் யித்கா மாலெச்கோவாவும் லெபனானில் இறந்த 129 ஹிஸ்புல்லா போராளிகளின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் ஏழைகள் 28 சதவீதம், நாட்டின் பொதுமக்களில் 33 சதவீதம். உயர்நிலைப் பள்ளியோ அதற்கு மேலோ படித்தவர்கள் இவர்களில் 47 சதவீதம், பொதுமக்களில் 38. காம்பெட்டா, ஹெர்டாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இஸ்லாமியத் தீவிரவாதக் குழுக்களில் எஞ்சினியர்கள் அளவுக்கு மீறி இருப்பதைக் கண்டார்கள், படித்த எஞ்சினியருக்கு வேலை கிடைத்த சவூதியில் மட்டும் அந்த மிகை தெரியவில்லை. எஞ்சினியரிங் படித்து வேலை தேடும் பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவர் இருக்கும் தமிழ்நாட்டில் இதை எழுதக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் இங்கே போட்டித் தேர்வு, வெளிநாடு, அரசியல் கட்சி என்று வேறு கதவுகள் பல உண்டு.

கதவு மூடியிருந்தால்கூட வறுமை வேலை செய்வது கூலி வழியாகத்தான் என்பதற்குக் கொலம்பியா சாட்சி. காப்பி விலை உலகச் சந்தையில் சரிந்தபோது காப்பி விளையும் ஊர்களில் சண்டை கூடியது என்று துபே, வர்காஸ் இருவரும் காட்டினார்கள். தோட்டத்தில் கூலி குறைந்தவனுக்கு ஆயுதக் குழுவின் சம்பளம் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் எண்ணெய் விலை ஏறியபோது எண்ணெய் ஊர்களிலும் சண்டை கூடியது, அங்கே கொள்ளையடிக்கப் பணம் வந்துவிட்டது. ஒரே நாட்டில் ஏழ்மையும் சண்டையை வளர்த்தது, செல்வமும் வளர்த்தது.

ஈஸ்டர் குண்டுகளுக்குத் தலைவனாக இருந்த சஹ்ரான் காத்தான்குடியில் எளிய குடும்பத்தில் பிறந்தவன்தான், அவனோடு சேர்ந்து வெடித்தவர்கள்தான் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளைகள். 2014-ல் அளுத்கமவிலும் 2018-ல் திகனவிலும் முஸ்லிம் கடைகள் எரிந்ததை ஏழை முஸ்லிமும் பார்த்தான், பணக்கார முஸ்லிமும் பார்த்தான். ஏழையும் பணக்காரனும் ஒரே அறையில் உட்கார முடிந்தது அதனால்தான்.

2024 செப்டம்பரில் ஜே.வி.பி.யின் அநுர குமார திசாநாயக்க வாக்குப் பெட்டி வழியாக ஜனாதிபதி ஆனார். நவம்பரில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய கூட்டணி யாழ்ப்பாண மாவட்டத்திலும் நுவரெலியா மாவட்டத்திலும் முதலிடம் பிடித்தது. ஐந்து வகுப்புகளில் எதிரியாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அதற்கு வாக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் இப்போது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ.எல். பரீட்சை எழுதுகிறார்கள், கொழுந்து பறிக்க வர மாட்டேன் என்கிறார்கள், கொழும்பில் துணிக்கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் நிற்கிறார்கள். 1971-ல் தெற்கில் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு நின்ற பையனும் இந்த வயதில்தான் நின்றான்.